நாற்பத்தொரு நாள்

சங்கரன்கோவில்
12.1.2025

பிரியமுள்ள தம்பி ஜோஷுவாவுக்கு அக்கா ஜெனிபாவின் ஸ்தோத்திரம். அப்பாவுக்கு இருமல், அம்மாவுக்கு முழங்கால். மற்றபடி வீட்டில் சுகம். உன் உடம்பைப் பற்றி நீயாகத்தான் எழுத வேண்டும்.

போனில் பேசலாமே என்பாய். மாதம் ஒருமுறை கூப்பிடுகிறாய். அம்மா உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். பக்கத்து வீடு, எதிர் வீடு, தறிக்கூடத்துப் பெண்கள், எல்லோரும் வந்து உட்காருகிறார்கள். நீ "நல்லா இருக்கேன்" என்கிறாய். அவர்கள் தலையாட்டுகிறார்கள். பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் கடிதம்.

இந்தக் கிறிஸ்துமசுக்கும் நீ வரவில்லை. இது இரண்டாவது. நம் ஆலயத்து வாலிபர் ஐக்கியத்தார் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் புது பிளக்ஸ் வைத்திருக்கிறார்கள். உன்னோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்த காசிதான் டிசைன். ராணுவப் பச்சையில் கால்சட்டை, தசை தசையாக நெஞ்சு, முதுகில் சிவப்புத் துணி. முகம் மட்டும் உன்னுடையது, ஹால் டிக்கெட் போட்டோவிலிருந்து. ஓரத்தில் அந்த வீடியோவின் படம்: மலை ஆற்றில் கயிறு பிடித்து இறங்கி, ஒரு குழந்தையை முதுகில் சுமந்து ஏறும் ஜவான். கீழே "எங்கள் ஊர் சூப்பர்ஹீரோ". ஒன்றரை வருடமாக அந்த இருபத்திரண்டு நொடி இந்த ஊரில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

என் ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. ராணுவத்தோடு சேர்ந்த சூப்பர்ஹீரோக்களைப் பொதுமக்கள் எப்படிப் பார்க்கிறார்கள். கைடு சிரித்தார், பிறகு சம்மதித்தார். பதினெட்டுக் கேள்விகள், இருநூறு பேர். ஒரு பிரதி இதோடு. நீயும் நிரப்பு.

அம்மா கேட்கச் சொன்னது ஒன்றுதான். எப்போது வருகிறாய்?

பதிலை எதிர்பார்க்கும்,
ஜெனிபா


முகாம்
9.2.2025

அக்காவுக்கு ஜோஷுவா. சுகம். அப்பாவின் இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள். அம்மா படி ஏற வேண்டாம்.

கடிதம் ரேஷன் வண்டியில் வந்தது. இங்கே பனி. முட்டையைத் தட்டினால் கல் போலச் சத்தம் வருகிறது. உரித்துக் கத்தியால் வெட்டுகிறோம். இதை அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

கேள்வித்தாள் கிடைத்தது. பார்க்கிறேன்.

காசியிடம் சொல். அந்தத் துணியை எடுத்துவிடச் சொல்.

அன்புடன்,
ஜோஷுவா


சங்கரன்கோவில்
2.3.2025

தம்பிக்கு அக்காவின் வாழ்த்துதல். சுகமாக இருக்கிறோம். முட்டைக் கதைக்கு அம்மா சிரிக்கவில்லை. "பிள்ளை கல்லத் திங்கான்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழுபது பேரைப் பார்த்துவிட்டேன். பூ மார்க்கெட்டில் சுப்புலட்சுமி அக்கா பிச்சிப்பூவை அளந்துகொண்டே கேட்டாள்: "பறக்கவனுக்கு ஆர்மில பென்சன் உண்டாட்டி?" தெரியாது என்றேன். "பென்சன் இல்லன்னா அவன் என்னத்துக்குப் பறக்கணும்? ஏதாவது கடையில நிக்கலாம்லா."

கடையநல்லூரில் மம்மது அண்ணன். சவூதியிலிருந்து திரும்பிச் செல்போன் கடை வைத்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். "தனியா ஒருத்தன் பறந்து வந்தாம்னா பயமா இருக்கும். யூனிபார்ம் போட்டு வந்தாம்னாலும் பயந்தான். ஆனா அவனப் பத்தி மனு குடுக்க ஒரு ஆபீஸ் இருக்கும்லா."

ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்காரும் வெள்ளத்துரை அண்ணாச்சி இருபது வருடம் ராணுவத்தில் இருந்தவர். தாளை வாங்கவே இல்லை. "அந்த மாதிரி பவர் உள்ளவன ஆர்மில எடுக்க மாட்டாம் தாயி. மெடிக்கல்லயே அன்பிட் போட்டுருவான்." பிறகு உன்னை விசாரித்தார். லீவு கொடுக்கவில்லையாம் என்றேன். "ரெண்டு வருசமா குடுக்காம இருக்க மாட்டாவ. அவன் கேட்டிருக்க மாட்டான்."

பணம் எடுக்க வந்தவருக்குக் கதவைத் திறக்க எழுந்துவிட்டார்.

ஒரு விஷயம் விசித்திரமாக இருக்கிறது. எதிரியை எப்படி அடிப்பான், சுடப்பட்டால் சாவானா, யார் உத்தரவைக் கேட்பான், எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. பதினாலாம் கேள்வி, விடுமுறையில் வீட்டுக்கு வந்தால் அவன் என்ன செய்வான்? எழுபதில் ஐம்பத்தெட்டுப் பேர் அதைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.

லீவு கேட்டாயா, தம்பி?

ஜெனிபா


முகாம்
6.4.2025

அக்காவுக்கு. நல்ல சுகம். அங்கே எல்லோரும் சுகம்தானே.

தாளை நிரப்பவில்லை. பதினாலாம் கேள்விக்கு மட்டும் ஏதோ எழுதினேன். அடித்துவிட்டேன்.

இரண்டாம் கேள்வி: ராணுவத்தோடு தொடர்புள்ள சூப்பர்ஹீரோ ஒருவர் பெயரைக் குறிப்பிடவும். யாராவது என் பெயரை எழுதியிருக்கிறார்களா? எழுதியிருந்தால் எடுத்துவிடு.

வெள்ளத்துரை அண்ணாச்சிக்கு என் வணக்கம்.

ஜோஷுவா


சங்கரன்கோவில்
22.4.2025

அன்புள்ள தம்பிக்கு ஈஸ்டர் வாழ்த்து. அப்பா தேறிவிட்டார். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குக் கணக்கு எழுத மறுபடி போகிறார்.

இருநூறும் முடிந்தது. முப்பத்தேழு பேர் உன் பெயர். சினிமாக்காரர்களுக்கு அடுத்த இடம். கைடு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உயிரோட இருக்க ஒருத்தனை எழுதியிருக்காங்கம்மா" என்றார். எப்படி எடுக்க முடியும்? ஜனங்கள் கொடுத்த பதில் அது.

ஈஸ்டர் ஆராதனையில் அம்மா மறுபடி சாட்சி சொன்னாள். உனக்குத் தெரிந்ததுதான். நாற்பது நாள் பிள்ளையிடமிருந்து போன் இல்லை, உபவாசம் இருந்தேன், நாற்பதாம் நாள் கர்த்தர் என் கண்ணில் காட்டினார், வீடியோவில் முகம் தெரியவில்லை, ஆனால் தோளைத் தூக்கும் விதத்தில் கண்டுகொண்டேன். உண்மையில் நாற்பத்தொரு நாள். சாட்சியில் நாற்பது என்றால்தான் அழகு. ஆலயத்தில் எல்லோரும் அழுதார்கள். இது ஐந்தாவது முறை. இருந்தும் அழுதார்கள்.

உன் பெயரை எடுக்கச் சொல்வது கூச்சத்தினாலா? அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

அக்கா


முகாம்
25.5.2025

அக்காவுக்கு. சுகம்.

மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

அது நான் இல்லை.

அந்த ஆற்றுப் பக்கமே நான் இல்லை. அவன் யாரென்று எனக்குத் தெரியாது. செய்தியிலும் பெயர் வரவில்லை. தோள் என் தோள் போல இருக்கலாம். மூட்டை சுமப்பவர்கள் எல்லோருக்கும் தோள் அப்படித்தான் ஆகிறது.

2023 ஆகஸ்ட் 13, ஞாயிறு. நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு கூப்பிட்டேன். அம்மா எடுத்ததும் "பாத்துட்டேன் மக்கா, பாத்துட்டேன்" என்று அழுதாள். எதை என்று கேட்டிருக்க வேண்டும். "சரிம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்தமுறை கூப்பிட்டபோது ஊரே ஸ்பீக்கரில் இருந்தது.

அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று மட்டும் கேட்காதே.

ஜோஷுவா


சங்கரன்கோவில்
29.6.2025

தம்பிக்கு. எல்லோரும் சுகம். நான்தான் ஒரு மாதமாகச் சரியில்லை.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீடியோவை அம்மாவிடம் காட்டியது நான். இரண்டு நாளாக அவள் சாப்பிடவில்லை. தண்ணீர்கூட உதட்டை நனைக்க மட்டும். வாட்ஸப்பில் அது வந்தது. முகம் முழுக்கச் சேறு. "பாருங்கம்மா, தம்பி மாதிரியே தோளைத் தூக்குதான்" என்றேன். நீ என்று நான் நம்பினேனா? இல்லை. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. அவள் மூன்று முறை பார்த்தாள். பிறகு இரண்டு இட்லி சாப்பிட்டாள். நான்காவது முறை பார்க்கும்போது அது நீதான் என்று அவளே எனக்குக் காட்டிக்கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு சாட்சி. அதற்கடுத்த வாரம் பிளக்ஸ்.

இருநூறு வீட்டுக் கதவைத் தட்டி, நான் சொன்ன ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம், தம்பி. அவள் ஆலயத்தில் எழுந்து நின்று சொன்னது. தவறாகப் பார்த்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள மாட்டாள். தேவ சமூகத்தில் பொய் சொன்னேன் என்றுதான் எடுத்துக்கொள்வாள். சொல்லாமல் வா. வந்து பத்து நாள் தூங்கு. போதும்.

ஜெனிபா


முகாம்
3.8.2025

அக்காவுக்கு. சுகம். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இட்லி சாப்பிட்டாளே.

ஆனால் சொல்லாமல் வர முடியாது. அதனால்தான் இரண்டு வருடமாக வரவில்லை. லீவு தந்தார்கள். நான்தான் வாங்கவில்லை. வந்தால் அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு உட்கார வேண்டும். அம்மா பரிமாறும்போது அவனுக்குப் பரிமாறுவாள். எனக்கு அல்ல.

செப்டம்பர் 10 முதல் இருபது நாள். ஆலயத்து அசனத்துக்கு வருகிறேன். ஊரே ஒரு பந்தியில் உட்காரும் நாள். ஒருமுறை சொன்னால் போதும்.

பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம்.

ஜோஷுவா


சங்கரன்கோவில்
5.10.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? நான்கு நாள் முன்னதாகவே கிளம்பிவிட்டாய். அப்பா உன் கட்டிலில் இன்னும் விரிப்பை மாற்றவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி, உன் பிளக்ஸுக்குக் கீழேயே பத்து நிமிடம் ஆட்டோவுக்கு நின்றதாகச் சொன்னாய். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றாய். அது ஒன்றுக்குத்தான் நீ சிரித்தாய்.

அசனத்தன்று நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. நீ தரையைப் பார்த்தபடி பேசினாய். நான் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னது இவ்வளவு. "வீடியோல இருக்கது நான் இல்ல. அன்னைக்கு நான் அங்கன இல்ல. எங்கம்மா பொய் சொல்லல. அவங்களுக்குத் தெரியாது. நான் ரெண்டு வருசமா சொல்லாம இருந்தேன். தப்பு என் மேல." உட்கார்ந்துவிட்டாய்.

பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும். போதகர் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளையோட தாழ்மையப் பாருங்க" என்றார். நீ எழுந்து "இல்ல ஐயா, நெசமாத்தான்" என்றாய். அவர் உன் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டார்.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் மெதுவாகச் சொன்னார். "ஆர்மில வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆர்டர் இருக்கும்மா. பாவம், பிள்ளை என்ன செய்வான்?" காசி இன்னும் மோசம். "இது சீக்ரெட் ஐடென்டிட்டிக்கா. எந்த ஹீரோ முகமூடியக் கழட்ட ஒத்துக்கிட்டான்?" நான் கத்தினேன். "ஏலே, அவன் உன் கிளாஸ்மேட்டுலே. ஒன்பதாங் கிளாஸ்ல கணக்குல பெயிலானவன்." காசி சொன்னான்: "அதான்க்கா. அதுலதான் யாரும் சந்தேகப்பட மாட்டாம்லா."

புது பிளக்ஸ் வந்திருக்கிறது. இந்த முறை முகத்தில் கறுப்புப் பட்டை.

கைடிடம் சொன்னேன். மறுப்பு நம்பிக்கையைக் கூட்டியிருக்கிறது, தனி அத்தியாயமாக எழுதலாம் என்றார். ஒருவன் சாதாரண சட்டையில் வந்து சொன்னால் கேட்டிருப்பார்களாம். ராணுவம் என்று ஒன்று பின்னால் இருப்பதால் இல்லை என்பதும் ரகசியமாகிவிடுகிறதாம். சரியாகத்தான் சொல்கிறார். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த ஆலயத்தில் உன்னை நம்பியது இரண்டு பேர். நான் ஒருத்தி. மற்றவள் பந்தியில் உட்காராமல் வெறும் வயிற்றோடு வீட்டுக்கு நடந்தாள். அதன் பிறகு நீ இருந்த பன்னிரண்டு நாளும் "சாப்பிடு" என்பதைத் தவிர உன்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னும் யாரிடமும் பேசவில்லை. ஆலயத்துக்கும் போகவில்லை.

எழுது.
ஜெனிபா


சங்கரன்கோவில்
2.11.2025

தம்பிக்கு. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சுகம்தானா? ஒரு வரி போதும்.

நேற்று அம்மா பேசினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அது அவன் இல்ல. சரி. அப்போ அந்த நாப்பது நாளு என் பிள்ளை எங்கனட்டி இருந்தான்?"

பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கட்டைப் பிரித்தேன்.

"ஊருல ஒருத்தனும் கேக்கல. நானும் கேக்கல. ரெண்டு வருசமா வேற எவனையோ பாத்துக்கிட்டுக் கெடந்துட்டேன்."

பொய் சாட்சி சொன்னதற்காகத்தான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதற்காக அல்ல.

கேட்காதே என்று நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். நான் கேட்கவில்லை. அம்மா கேட்கிறாள்.

அக்கா


முகாம்
30.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு ஜோஷுவாவின் ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இதைக் கண்ணாடி போட்டு நீங்களே வாசியுங்கள். யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

2023 ஜூலை 2 உங்களோடு பேசினேன். அடுத்துப் பேசியது ஆகஸ்ட் 13. இடையில் மருத்துவமனையில் இருந்தேன்.

காயம் இல்லை. காய்ச்சல் இல்லை. அதற்கு முன் மலை மேலே ஒரு காவல் போஸ்டில் மூன்று பேர் இரண்டு மாதம் இருந்தோம். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. இறங்கி வந்த பிறகு தூக்கம் போய்விட்டது. பிறகு பேச்சு குறைந்தது. பிறகு ஒரு நாள் பூட்ஸ் கட்ட உட்கார்ந்தேன். மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேனாம். கூட்டிப்போனார்கள். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற வார்டு.

யாரும் என்னைத் திட்டவில்லை. டாக்டர் ஒரு மலையாளத்து அம்மா. நல்லவர்.

ஞாயிறு தோறும் அரை மணி நேரம் போன் தருவார்கள். ஐந்து ஞாயிறு உங்கள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டால் முதலில் சாப்பிட்டியா என்று கேட்பீர்கள். சாப்பிட்டிருக்க மாட்டேன். பொய் சொல்லும் அளவுக்குக்கூடப் பேச்சு வரவில்லை. நீங்கள் அங்கே சாப்பிடாமல் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்று எழுத ஆசை. உண்மையில் தெரியவில்லை.

ஆறாவது ஞாயிறு கூப்பிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை. அன்று கொஞ்சம் கஞ்சி குடித்திருந்தேன்.

அந்தக் குழந்தையைத் தூக்கியவனை வார்டு டிவியில் நானும் பார்த்தேன். நல்ல பிள்ளை என்று நினைத்தேன். நான் இல்லையே என்று அப்போது தோன்றவில்லை. பிறகுதான் தினமும் தோன்றியது.

இப்போது தூங்குகிறேன். வேலை பார்க்கிறேன். மாத்திரை இருக்கிறது. சாயங்காலம் ஒன்று, ஏழரைக்கு. இங்கே ஒருவன் ஞாபகப்படுத்துவான். செப்டம்பரில் அதை உங்களுக்குத் தெரியாமல் பாத்ரூமில் வைத்துப் போட்டேன். நான்கு நாள் மறந்தும்விட்டேன். அதனால்தான் சீக்கிரம் கிளம்பினேன்.

அடுத்த லீவு பிப்ரவரியில். வரலாமா?

உங்கள் மகன்,
ஜோஷுவா


சங்கரன்கோவில்
14.12.2025

மக்கா ஜோஷுவாவுக்கு அம்மா தங்கபாய் எழுதிக்கொண்டது. நான் சுகம். அப்பா சுகம். கடிதத்தை நான் மட்டும் வாசித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு நாலு தடவை வாசித்தேன்.

ஏழரை மணி மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா? எழுது.

அம்மா